உறங்காத வண்டி

திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்குச் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற ஒலி மட்டும் வரும். முகப்புப் பலகையின் விளக்குகள் ஒருமுறை ஒளிர்ந்து மங்கும். மறுபடி ஒரு 'டிக்'. ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, வேண்டாம் என்று நிறுத்திக்கொள்ளும் முதியவரைப்போல வண்டி மௌனமாகிவிடும். அதே வண்டி வியாழக்கிழமைகளில் ஒரே திருப்பலில் கிளம்பும். திங்கட்கிழமைகளில் மட்டும் அதற்கு என்ன நேர்கிறது என்பதை அறிய எங்களுக்கு இரண்டரை மாதங்கள் ஆயின. அதற்குள் செய்யக்கூடாத ஒன்றையும் செய்து முடித்திருந்தோம். அதைச் சொல்வதற்காகவே இக்கட்டுரை.

இங்கே 'நாங்கள்' என்பது கணவனும் மனைவியுமாகிய இருவர். எங்களில் ஒருவருக்கு அப்பா, மற்றவருக்கு மாமா. எழுத்தில் இரண்டாகப் பிரிக்க மனம் வராததால் அப்பா என்றே குறிப்பிடுகிறோம். 2018இல் அவருக்கு வயது 74. சிறுநீரகங்கள் இரண்டும் ஓய்ந்துவிட்டிருந்தன. திங்கள், வியாழன் என வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், இரத்தத்தை இயந்திரத்தின் வழியே ஓடவிட்டுச் சுத்திகரிக்க வேண்டும். ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து தில்லைநகர் பக்கம் உள்ள மருத்துவமனைக்குக் காலை ஆறு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். வியாழனுக்கும் திங்களுக்கும் இடையே உள்ள நீண்ட இடைவெளிதான் இந்நோயாளிகளுக்குக் கடினமான காலம். வெளியேற வழியில்லாத நீர் உடலில் சேர்ந்துகொண்டே போகும். திங்கட்கிழமை அதிகாலையில் அப்பாவின் கணுக்கால்களில் விரலால் அழுத்தினால் அழுத்திய இடம் குழியாகவே நிற்கும். அந்த நேரத்தில்தான் வண்டியும் எழுந்திருக்க மறுத்தது.

அவருக்கு நாதஸ்வரம் என்றால் உயிர். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் பழைய பதிவின் கரகரப்போடு சேர்த்தே மனப்பாடமாக வைத்திருந்தவர். செவி மந்தமாகிக்கொண்டு வந்த காலத்தில் அவருக்கு வீட்டில் சத்தமாக வைத்துக் கேட்கக் கூச்சம். பக்கத்து வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தார்கள். கண்ணாடிகளை ஏற்றிவிட்ட கார்தான் அவருக்குக் கிடைத்த கச்சேரி மண்டபம். ஆனால் வண்டியோடு வந்த ஸ்டீரியோவின் ஒலி அவர் காதுக்கு எட்டவில்லை. அதனால் 2018 பொங்கலுக்கு முன்பு, கார் அலங்காரப் பொருட்கள் விற்கும் ஒரு கடையில் வண்டியை விட்டோம். பழைய ஸ்டீரியோவை அப்படியே வைத்துக்கொண்டு, கதவுகளுக்குப் புதிய ஸ்பீக்கர்களும், முன் இடப்பக்க இருக்கையின் அடியில் ஓர் ஆம்ப்ளிஃபயரும் பொருத்திக் கொடுத்தார்கள். மாலையில் வண்டி திரும்பி வந்தது. அப்பா பின் இருக்கையில் அமர்ந்து கண்மூடிக் கேட்டார். தவில் ஒலி கதவின் வழியே அதிர்ந்து தொடையில் தெரிகிறது என்றார். அந்த மகிழ்ச்சிக்கு நாங்கள் கொடுத்த விலை அதிகமில்லை என்றுதான் அன்று நினைத்தோம்.

ஜனவரியிலிருந்து ஜூன் வரை எந்தத் தொல்லையும் இல்லை. எங்களில் ஒருவர் அந்த வண்டியில்தான் தினமும் துவாக்குடிக்கு வேலைக்குப் போய்வந்தார். ஜூன் மாதம் தஞ்சாவூருக்கு மாற்றல் வந்தது. விடியுமுன் கிளம்பி ரயிலைப் பிடிக்க வேண்டிய பிழைப்பு. மற்றவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆகவே ஓர் ஆக்டிங் டிரைவரை ஏற்பாடு செய்தோம். உறையூர்ப் பையன், இருபத்து நான்கு வயது இருக்கலாம். திங்கள், வியாழன் அதிகாலையில் வந்து அப்பாவை அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவான். ஞாயிறு காலை வந்து வண்டியைக் கழுவுவான். நாங்கள் அவனைத் தம்பி என்போம். அவனுக்கு நாங்கள் சாரும் அக்காவும், அப்பா ஐயா.

ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை முதன்முதலாக வண்டி கிளம்பவில்லை. பால்காரரையும் எதிர்வீட்டுக்காரரையும் அழைத்துத் தம்பி வண்டியைத் தள்ள வைத்தான். இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சை விட்டு, தெருமுனைக்குள் எஞ்சினை உயிர்ப்பித்துவிட்டான். அப்பாவைச் சேர்க்க வேண்டிய நேரத்தில் சேர்த்துவிட்டான். அன்று பேட்டரியைக் கழற்றிக் கடையில் சார்ஜுக்குக் கொடுத்தோம். மறுநாள் மாலை வந்தது. வியாழன் நன்றாகப் போயிற்று. அடுத்த திங்கள் மறுபடி அதே கதை. நான்கு வருடப் பேட்டரி, ஆயுள் முடிந்திருக்கும் என்றார் கடைக்காரர். ஆகஸ்ட் மாத இறுதியில் புதிய பேட்டரி வாங்கினோம். 35 ஆம்பியர்-மணி கொள்ளளவு, நாலாயிரம் ரூபாய்க்கு மேல். இரண்டாவது திங்கட்கிழமை அதுவும் படுத்துவிட்டது.

புதிய பேட்டரியும் படுத்தபோதுதான் எங்கள் மூளை வேலை செய்யத் தொடங்கியது. வேலை செய்தது என்றா சொல்ல வேண்டும், தெரியவில்லை. இருவரும் இரவு உணவுக்குப் பிறகு உட்கார்ந்து பட்டியலிட்டோம். இந்தத் தொல்லை எப்போது தொடங்கியது? தம்பி வேலைக்கு வந்த பிறகு. எந்த நாளில் நிகழ்கிறது? திங்கட்கிழமை. முந்தைய நாள் யார் வண்டியில் இருந்தது? தம்பி. ஞாயிறு காலையில் ஆணியில் மாட்டியிருக்கும் சாவியை எடுத்துக்கொண்டு போவான். கதவுகள் நான்கையும் திறந்து போட்டுக் கழுவுவான். அப்போது பாட்டுக் கேட்கும். அது எங்கள் காதால் கேட்டது. ஒரு முறை ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்து அமர்ந்து, துணியை மடியில் வைத்துக்கொண்டு அவன் பாட்டில் லயித்திருந்ததைப் பார்த்தும் இருக்கிறோம். இதற்குமேல் என்ன சான்று வேண்டும்? இத்தனை ஒழுங்காக எல்லாம் பொருந்திவந்ததில் எங்களுக்கு ஒரு திருப்திகூட இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறோம். துப்பறியும் கதையின் கடைசிப் பக்கத்தில் வருகிற திருப்தி அது.

அடுத்த ஞாயிறு கேட்டோம். கடுமையாகக் கேட்கவில்லை என்று பல நாள் எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம்.

"தம்பி, கழுவறப்போ பாட்டு போடறியா?"

"போடுவேன்க்கா."

"அதனாலதான் பேட்டரி போயிடுதுப்பா."

"வண்டில இல்லக்கா. என் போன்ல. டேஷ்போர்டு மேல வச்சிருப்பேன்."

"கதவெல்லாம் தொறந்து கெடக்கு. சத்தம் வாசல் வரைக்கும் கேக்குது. போன்ல அவ்வளவு சத்தம் வருமா?"

அவன் பதில் சொல்லவில்லை. ஈரத் துணியைப் பிழிந்து வாளியின் விளிம்பில் போட்டான். அன்றைக்கே சாவியை ஆணியிலிருந்து எடுத்து அலமாரிக்குள் வைத்தோம். "இனிமே வெளிப்பக்கம் மட்டும் கழுவினா போதும்" என்று சொன்னோம்.

அடுத்த ஞாயிறு அவன் சாவி இல்லாமலே கழுவினான். பாட்டு இல்லை. திங்கட்கிழமை வண்டி கிளம்பவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அறிவுள்ள எவரும் அப்போதே தம் கணக்கு தவறு என்று உணர்ந்திருப்பார்கள். சாவியே அவன் கையில் இல்லை. எப்படிப் பாட்டுக் கேட்டிருப்பான்? நாங்கள் உணரவில்லை. புதுப் பேட்டரியை அவன் முன்பே கெடுத்துவிட்டான், கெட்டது கெட்டதுதான், இனி அது தேறாது என்று முடிவு செய்தோம். எங்கள் சந்தேகத்துக்கு எதிராக வந்த ஒரே சான்றையும் வளைத்து அதற்குச் சார்பாகவே நிறுத்திவிட்டோம். அன்றும் தம்பிதான் ஆள் திரட்டித் தள்ளி வண்டியைக் கிளப்பினான். அப்பாவைச் சேர்த்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விட்டபின், "இனிமே வேற ஆளப் பாத்துக்கங்கக்கா" என்றான். காரணம் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

புதிதாக வந்த ஓட்டுநர் வயதானவர். நிதானமாக ஓட்டுவார். செப்டம்பர் மாத இறுதியில் ஒரு திங்கட்கிழமை வண்டி வழக்கம்போல் 'டிக்' என்றது. பெரியவரால் ஆள் திரட்டவோ தள்ளவோ முடியவில்லை. எந்த வீட்டுக் கதவை எந்த உரிமையில் தட்டுவது என்பதும் அவருக்குத் தெரியவில்லை. வாடகைக் கார் வந்து சேர நாற்பது நிமிடம். மருத்துவமனைக்குப் போனபோது அப்பாவின் படுக்கையில் வேறொருவர் இருந்தார். நண்பகல் ஷிஃப்ட் வரை காத்திருக்கச் சொன்னார்கள். அந்தத் தாழ்வாரத்தின் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா முன்னால் குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் முழங்கால்களில் ஊன்றி, மூச்சுக்கு மேல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இடையில் ஒருமுறை தலையைத் தூக்கி, "அந்தத் தம்பி ஏன் வரல?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

அன்று மாலைதான் பாலக்கரைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரை நண்பர் அனுப்பிவைத்தார். எல்லோரும் அவரைப் பாய் என்பார்கள். பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோகவில்லை; சார்ஜ் ஏற்றிய பேட்டரியோடு புதன்கிழமை மாலை அவரே வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு மல்டிமீட்டர், ஒரு சிறிய குறடு, நான்கைந்து திருப்புளிகள். வண்டியைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்.

"வண்டில புதுசா என்னம்மா மாட்டுனீங்க?"

"ஒண்ணும் இல்ல பாய்."

அவர் குனிந்து உள்ளே பார்த்தார். "பாட்டு செட்டு போட்டிருக்கீங்களே?"

"அது ஜனவரில போட்டது. ஆறு மாசம் ஒரு தொந்தரவும் இல்ல."

"ஆறு மாசமும் தினமும் ஓட்டுனீங்களா?"

ஓட்டினோம் என்றோம். சொல்லும்போதே எங்கள் இருவர் மனத்திலும் ஏதோ ஒன்று இடம் மாறியது.

பாய் செய்த சோதனையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். யாருக்காவது பயன்படலாம். முதலில் பேட்டரியின் இரு முனைகளில் மீட்டரை வைத்து மின்னழுத்தம் பார்த்தார். முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. எங்களுடையது நிறைந்திருந்தது. பிறகு சாவியை எடுத்து வெளியே வைத்தார். விளக்குகள் எல்லாம் அணைந்திருப்பதை உறுதி செய்தார். ஃப்யூஸ் பெட்டியை எட்டுவதற்காக ஓட்டுநர் கதவைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. கதவு திறந்தால் எரியும் கூரை விளக்கு கணக்கைக் கெடுத்துவிடும் என்று கதவுப் பொத்தானை அழுத்தி அதன்மேல் டேப் ஒட்டினார். பேட்டரியின் எதிர்மின் முனையிலிருந்து கேபிளைக் கழற்றி, முனைக்கும் கேபிளுக்கும் நடுவே மீட்டரைப் பாலம்போல் நுழைத்தார். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றியிருந்தார். அந்த நிலையில் மறந்தும் சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்யக்கூடாது, மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும் என்று எச்சரித்தார். இனி வண்டி உறங்கும்போது குடிக்கிற மின்சாரம் முழுவதும் மீட்டரின் வழியேதான் போயாக வேண்டும்.

உறங்கும் வண்டியும் கொஞ்சம் குடிக்கும். கடிகாரத்துக்கும், ஸ்டீரியோவின் நினைவுக்கும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிக்கும் சிறு துளி வேண்டும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. நவீன வண்டிகளில் உள்ளிருக்கும் கணினிகள் எல்லாம் கண்ணயர அரை மணி நேரம்கூட ஆகலாம். எங்களுடையது எளிய வண்டி. ஆனாலும் பாய் ஒரு தேநீர் குடித்து முடிக்கும்வரை பொறுத்தார். பிறகு மீட்டரைப் பார்த்தோம். 440 மில்லி ஆம்பியர்.

"யாரோ முழிச்சிட்டு இருக்காங்க" என்றார்.

யார் என்று எங்களைக் கேட்டிருந்தால் அப்போதும் ஏதாவது ஒரு பெயரைச் சொல்லியிருப்போம். அவர் கேட்கவில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து, முதல் ஃப்யூஸைக் குறடால் பிடுங்கினார். எங்களை மீட்டரைப் பார்க்கச் சொன்னார். 440. அதைத் திரும்பச் செருகி அடுத்ததைப் பிடுங்கினார். 440. பாய்க்கு அவசரமே இல்லை. "சந்தேகப்பட வேண்டிய வேலையே இல்ல சார். ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தா அதுவே சொல்லிடும்" என்றார். உள்பெட்டி முடிந்தது. பானட்டுக்குள் இருந்த பெட்டியும் முடிந்தது. ஸ்டீரியோவின் ஃப்யூஸை எடுத்தபோது எண் 435க்கு வந்தது, அவ்வளவுதான். வண்டியின் மின்சுற்றுகள் ஒவ்வொன்றாக விடுதலையாகிக்கொண்டிருந்தன.

கடைசியில் அவர் பேட்டரியின் நேர்மின் முனையைத் தடவிப் பார்த்தார். நிறுவனம் பொருத்திய கேபிள்களோடு ஒரு தடித்த சிவப்பு வயரும் அங்கே முறுக்கப்பட்டிருந்தது. எந்த ஃப்யூஸ் பெட்டிக்கும் போகாமல், டேப் சுற்றி மறைக்கப்பட்டு, தனக்கென்று ஒரு ஃப்யூஸோடு, வண்டியின் உள்ளே நுழைந்திருந்தது. அந்த ஃப்யூஸை எடுத்தார். மீட்டர் 440இலிருந்து 20க்கு விழுந்தது.

முன் இருக்கையின் அடியில் கையை விட்டு ஆம்ப்ளிஃபயரை வெளியே இழுத்தபோது விஷயம் விளங்கியது. ஆம்ப்ளிஃபயருக்கு மூன்று இணைப்புகள் வேண்டும். பேட்டரியிலிருந்து நேராக வரும் தடித்த சிவப்பு வயர் உணவு. வண்டியின் உடலில் பிணைத்த கறுப்பு வயர் தரை. மூன்றாவதாக ஒரு மெல்லிய நீல வயர். அதில் 12 வோல்ட் வந்தால் விழித்துக்கொள், நின்றால் உறங்கு என்ற கட்டளை. வெளியில் வாங்கும் ஸ்டீரியோக்களில் இந்தக் கட்டளை வயர் தனியாக இருக்கும். எங்கள் பழைய ஸ்டீரியோவில் அது இல்லை. சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர் பெறும் ஒரு வயரைத் தேடிப் பிடித்து அதில் இணைத்திருக்க வேண்டும். பொருத்தியவர் தேடவில்லை. ஆம்ப்ளிஃபயரின் முகப்பிலேயே, சிவப்பு வயரின் திருகிலிருந்து பக்கத்துத் திருகுக்கு இரண்டு அங்குல நீல வயரைப் பாலமாகப் போட்டுவிட்டார். பாட்டு நன்றாகத்தான் வந்தது. நாங்களும் பணம் கொடுத்துவிட்டு வந்தோம். அன்றிலிருந்து அந்தப் பெட்டி ஒரு நொடியும் உறங்கவில்லை. அதன் சின்னப் பச்சை விளக்கு, மிதியடியின் மடிப்பை நோக்கி, எங்கள் கண்ணில் படாமல் எட்டு மாதங்களாக எரிந்துகொண்டிருந்தது.

அது குடித்தது 420 மில்லி ஆம்பியர். கூரையிலிருக்கும் 5 வாட் விளக்கை இரவு பகலாக எரியவிட்டால் எவ்வளவு ஆகுமோ அவ்வளவு. விளக்காக இருந்திருந்தால் முதல் இரவே கண்டுபிடித்திருப்போம். பாய் போன பிறகு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டோம். 35 ஆம்பியர்-மணி பேட்டரியை 0.44 ஆம்பியரால் வகுத்தால் ஏறத்தாழ 80 மணி நேரம். வியாழன் காலை பதினொன்றுக்கு வீட்டு வாசலில் நிறுத்திய வண்டியைத் திங்கள் காலை ஐந்துக்கு எடுக்கிறோம். இடையில் 90 மணி நேரம். செவ்வாய் மாலை பேட்டரி திரும்பி வந்தால் வியாழன் காலைக்கு 35 மணி நேரம்தான், தாங்கிவிடும். தினமும் துவாக்குடிக்கு ஓடிய காலத்தில் இரவு குடித்ததைப் பகலில் ஆல்டர்னேட்டர் ஈடு செய்துவிட்டது. ஆகவே தம்பி வந்ததற்கும் பேட்டரி இறந்ததற்கும் காரணம் ஒன்றேதான்: வண்டி நிற்கத் தொடங்கியது. ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகளில் ஒன்றை மற்றொன்றின் காரணமாக ஆக்கியவர்கள் நாங்கள்.

இன்னொரு கணக்கும் போட்டோம். அதுதான் எங்களைத் தூங்கவிடாதது. தம்பி ஞாயிறன்று இரண்டு மணி நேரம் வண்டியின் ஸ்டீரியோவிலேயே பாட்டுக் கேட்டான் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு இரண்டரை ஆம்பியர் என்றாலும் மொத்தம் 5 ஆம்பியர்-மணி. நிறைந்த பேட்டரியில் ஏழில் ஒரு பங்கு. அதனால் எந்த வண்டியும் நின்றுவிடாது. நாங்கள் சாட்டிய குற்றத்தை அவன் உண்மையிலேயே செய்திருந்தாலும் எங்களுக்கு நேர்ந்தது நேர்ந்திருக்காது. ஒரு வகுத்தலும் ஒரு பெருக்கலும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பவர்தான் எங்களில் ஒருவர்.

மோட்டார் வாகனமும் மின்சாரமும் சேர்ந்த வரலாற்றைப் பிறகு ஓர் ஆர்வத்தில் படித்தோம். ஈய-அமில மின்கலத்தை பிரான்ஸ் நாட்டின் காஸ்டன் பிளாண்டே 1859இல் உருவாக்கினார். கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பிய காலம் 1912இல் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டர் காடிலாக் கார்களில் வந்தபோது மாறத் தொடங்கியது. 1930இல் கால்வின் சகோதரர்களின் நிறுவனம் காருக்கான ரேடியோவைச் சந்தைக்குக் கொண்டுவந்து, அதற்கு மோட்டோரோலா என்று பெயர் வைத்தது. வண்டியைக் கிளப்ப வேண்டிய பேட்டரியும் பாட்டுக்கு மின்சாரம் கொடுக்கிற பேட்டரியும் ஒன்றாகி ஒரு நூற்றாண்டு நெருங்குகிறது. ஸ்டார்ட்டர் ஒரு நொடியில் நூற்றுக்கு மேற்பட்ட ஆம்பியரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறது. பாட்டுப்பெட்டி சொட்டுச் சொட்டாகக் குடிக்கிறது. இப்படி அடிக்கடி அடிவரை வற்றினால் மின்கலத்தின் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. எங்கள் பழைய பேட்டரி அப்படித்தான் செத்திருக்க வேண்டும். புதியதும் தன் ஆயுளில் கொஞ்சத்தை எங்களிடம் இழந்திருந்தது.

பாய் நீல வயரின் அந்த இரண்டு அங்குலத்தை வெட்டி எறிந்தார். சாவி போட்டால் மட்டும் உயிர் பெறும் லைட்டர் சாக்கெட்டின் ஃப்யூஸிலிருந்து புது வயர் இழுத்து இணைத்தார். கூலியாக முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். அப்பா திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே எடுத்துவைத்த ஆம்ப்ளிஃபயரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுதானா? நான் சொன்னேனே" என்றார்.

சொல்லியிருந்தார். வியாழக்கிழமை அதிகாலைகளில் வண்டியில் ஏறியதும், கால் விரல்கள் முன் இருக்கையின் அடியில் படும்போது அங்கே வெதுவெதுப்பாக இருக்கிறது என்று இரண்டு மூன்று முறை சொன்னார். இரவெல்லாம் நின்ற வண்டியில் சூடு எங்கிருந்து வரும்? நோயால் காலில் உணர்வு மாறியிருக்கிறது, மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். உண்மையைக் கால் விரலால் தொட்டவர் அவர் ஒருவர்தான். அதையும் நாங்கள் வேறு பெயர் வைத்து ஒதுக்கிவிட்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் உறையூருக்குப் போனோம். தம்பியின் வீடு ஒரு சந்துக்குள் இருந்தது. அவன் அம்மா உள்ளே வரச் சொன்னார். அவன் வாசலிலேயே நின்றான். எல்லாவற்றையும் சொன்னோம். நீல வயர், 440, 20, எல்லாம். எண்களைச் சொல்வது எளிதாக இருந்தது. தப்பு எங்களுடையது என்ற ஒரு வாக்கியத்துக்கு வரத்தான் நேரம் எடுத்தது. அவன் கேட்டுக்கொண்டிருந்தான். வெகு நேரம் கழித்து,

"போன்லதான் கேட்டேன்னு சொன்னேன்லக்கா" என்றான்.

வேறு எதுவும் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்து, "ஐயா எப்படி இருக்காரு?" என்று கேட்டான். தாழ்வாரத்தில் காத்திருந்த நாளைப் பற்றிச் சொன்னோம். அவன் முகம் சுருங்கியது. அந்தச் சுருக்கம் எங்கள் மீது கொண்ட கோபமா, அவர் பட்ட பாட்டை நினைத்தா, பிரித்தறிய முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து வந்தான். ஐயாவுக்காக வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை. எங்களுக்கு அது தெரிந்திருந்தது. வண்டி எல்லாத் திங்கட்கிழமைகளிலும் ஒரே திருப்பலில் கிளம்பியது. சாவியை மறுபடி ஆணியிலேயே மாட்டிவைத்தோம். ஆனால் ஞாயிறு காலைகளில் அவன் அதை எடுக்கவில்லை. நாங்களே எடுத்துப் போய்க் கொடுத்தால், கதவுகளைத் திறந்து துடைத்துவிட்டு, உடனே கொண்டுவந்து மாட்டிவிடுவான். போனில்கூடப் பாட்டு வைக்கவில்லை. "வச்சுக்கப்பா, கேட்டுட்டே கழுவு" என்று ஒரு நாள் சொன்னபோது, "இருக்கட்டும்க்கா" என்றான்.

அப்பா 2020 வரை இருந்தார். மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில், இயந்திரம் உறிஞ்சிய களைப்பிலும் அவருக்குத் தோடி வேண்டும். முன்பெல்லாம் அவர் கேட்பதற்கு முன்பே தம்பி ஸ்டீரியோவைப் போட்டுவிடுவான். திரும்பி வந்த பிறகு அவன் அந்தப் பொத்தானைத் தொடவேயில்லை. அப்பா "போடுப்பா" என்றால், "நீங்களே போட்டுக்கங்கய்யா" என்று வண்டியின் வேகத்தைக் குறைப்பான். அப்பா முன் இருக்கைக்கு இடம் மாறிக்கொண்டார். ஊசி போட்ட கையில் கட்டோடு, நடுங்கும் விரலால் தடவித் தடவி அந்தப் பொத்தானை அவரே கண்டுபிடிக்கும்வரை, பாலத்தின் மேல் வண்டி மெதுவாகவே போகும். பின் இருக்கையில் நாங்கள் பேசாமல் உட்கார்ந்திருப்போம்.